டெல்வின், வீடு

டொக்கு… டொக்கு… அப்புறம் கர்ர்ர் என்று ஓர் இழுவை. அதுதானே கேட்டீர்கள் அக்கா? கீழ்வீடு வரைக்கும் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் குடிவந்து இன்னும் பால்காரருக்கே உங்கள் முகம் பழகியிருக்காது, அதற்குள் ராத்திரியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மாடியேற வைத்துவிட்டேன். உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு பக்கம் ஆடும். கட்டில் ஓரமாக உட்காருங்கள். என் மகள் ரெனி முழிக்க மாட்டாள். சாயங்காலம் முழுக்க அழுது களைத்துப் போய்க் கிடக்கிறாள்.

திருடன் இல்லை. எலியும் இல்லை. அதோ டிவிக்குப் பக்கத்தில் கறுப்பாக இருக்கிறதே, அந்தப் பெட்டிதான். வாசலுக்கு மேலே ஒரு கேமரா, படியைப் பார்த்த மாதிரி. படியில் ஏதாவது அசைந்தால் பெட்டி முழித்துக்கொண்டு படம் பிடிக்கும். அதோடு ஒரு ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிறது. பழசு. எழும்பும்போது இப்படித்தான் முனகும். யாரோ விரலை மடக்கிக் கதவைத் தட்டிவிட்டு, வேண்டாம், பிள்ளை தூங்கும் என்று திரும்பிப் போகிற மாதிரி இல்லை? எனக்கு அப்படித்தான் கேட்கும்.

நீங்கள் கேட்ட இன்னொன்றும் காதில் விழுந்தது. "பச்சப்புள்ளையை வச்சுக்கிட்டு யாராவது தாழ்ப்பாள் போடாமத் தூங்குவாங்களா? தொட்டதும் கதவு திறந்துக்கிடுது! உனக்குப் பயமே கிடையாதா?" என்றீர்கள். பயமா? அக்கா, என்னிடம் இப்போது பயத்தைத் தவிர வேறு சாமானே கிடையாது. தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது, அதுதான் காரணம். இந்தத் தூத்துக்குடி உப்புக் காற்றுக்கு எந்த இரும்பு தாங்கும்? கதவும் ஈரத்தில் ஊதிப் போய்ச் சட்டத்தில் உட்காராது. வெளியே ஒருத்தர் நின்று இழுத்துப் பிடித்தால்தான் உள்ளே தாழ்ப்பாள் விழும். வெளியே யார் இருக்கிறார்கள்? என் அண்ணன் ஆல்ட்ரின் எண்ணெய் விட்டுப் பார்த்தான். ஆசாரியைக் கூட்டி வருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். ஆசாரி இழைத்தால் வீடெல்லாம் தூள் பறக்கும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும்.

வேறு காரணம் ஒன்றும் இல்லை.

ஹவுஸ் ஓனர் அம்மா உங்களிடம் என்ன சொன்னார்கள்? மாடியில் இருக்கிற பெண்ணின் புருஷன் கடலோடு போய்விட்டான் என்றுதானே? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். போய்விட்டான், போய்விட்டான். போனவர் பெயர் டெல்வின். கடல் தொழில் பார்க்கிறவரே இல்லை அக்கா, கம்ப்யூட்டர்காரர். துறைமுகத்தில் தோணி பார்த்திருப்பீர்கள், செங்கல்லும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு போகிற மரக்கப்பல். அந்தத் தோணிகளில் வழி காட்டுகிற கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுப்பதுதான் இவர் வேலை. ஒரு தோணியில் அது அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டது. கரையில் வைத்துப் பார்த்தால் ஒழுங்காக ஓடும், கடலுக்குப் போனால் படுத்துக்கொள்ளும். "ஒரே ஒரு நடை கூடப் போய்ப் பாத்துட்டு வந்துருதேன் அன்சி" என்றார். தவக்காலம் அது, எங்கள் வீட்டில் கவிச்சி சேர்ப்பதில்லை. நான் மீன் சமைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு, வெறும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தோணி திரும்பவில்லை. சிலரை வேறொரு கப்பல் தூக்கியது. சிலரைக் கடல் கரையில் கொண்டு போட்டது. இவர் இரண்டிலும் இல்லை. இரண்டிலும் இல்லையென்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். எங்கள் மாமி, அதாவது அவருடைய அம்மா, அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு என்கிறார்கள். சொந்த மகனைச் செத்துவிட்டான் என்று சொல்ல ஒரு தாய்க்கு என்ன அவசரம் அக்கா? பூசை வைக்க வேண்டும், கறுப்புக் கட்ட வேண்டும், பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன் என்று எந்நேரமும் அதே பேச்சு. மனசு கல். ஞாயிற்றுக்கிழமை ஆனால் தூக்குவாளி நிறைய மீன் குழம்பு கொடுத்து அனுப்புவார்கள். அதில் சீலா மீனில் நடுத்துண்டாகப் பார்த்து இரண்டு தனியாகப் போட்டிருப்பார்கள். நான் நடுத்துண்டு தின்பதே இல்லை, வால் பக்கம்தான் எடுப்பேன். அவருக்குத்தான் நடுத்துண்டு. இத்தனை வருஷம் ஆகியும் மருமகளுக்கு என்ன பிடிக்கும் என்று தெரியவில்லை பாருங்கள்.

இந்த கேமரா பெட்டி வந்தது எப்படியென்றால், ஆல்ட்ரின் அண்ணன் என்னை வீட்டுக்கு வந்துவிடு என்றான். நான் மாட்டேன் என்றேன். "ஏட்டி, தனியா ஒரு பொம்பளைப்புள்ள கைக்குழந்தையோட எப்படி இருப்ப?" என்று கத்திவிட்டுப் போனவன், மறுநாள் கடையிலிருந்து இதை வாங்கி வந்து தானே ஏறி மாட்டினான். பாவம், அவனுக்கு வேறு எப்படிப் பாசம் காட்டுவது என்று தெரியாது. டிஸ்க் நிரம்பினால் பழசை அழித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒருநாள் நிரம்பிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றி டெல்வினுடைய லேப்டாப்பில் சொருகினேன். அவருடைய லேப்டாப் மற்றவர்களுடையது மாதிரி இல்லை, படத்தைத் தட்டினால் திறக்கிற சாதி கிடையாது. கறுப்புத் திரையில் எழுதித்தான் எல்லாம். கல்யாணமான புதிதில் எனக்கு ஒரு வரி சொல்லிக் கொடுத்திருந்தார். அதைத் தட்டினால் டிஸ்க்கில் இருக்கிற ஒவ்வொரு ஃபைலும் வரிசையாக வரும். யாருடையது, எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, எந்தத் தேதி என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். "உன் பேர்ல இருக்கறதை நீ அழிக்கலாம், என் பேர்ல இருக்கறதைத் தொடக்கூடாது. மெஷின் பொய் சொல்லாது, பாத்துக்க" என்று கண்ணை உருட்டுவார்.

அந்த வரியைத் தட்டினேன் அக்கா.

அவர் பெயர் வந்தது. ஒரு வரியில் இல்லை, எல்லா வரியிலும். டெல்வின். அதற்குப் பக்கத்தில், குரூப் என்று சொல்கிற கூட்டத்தின் பெயர் வருகிற இடத்தில், வீடு. இங்கிலீஷ் எழுத்தில்தான், ஆனால் நம் வார்த்தை. அவர் தன்னையும் என்னையும் சேர்த்து அந்த லேப்டாப்பில் ஒரு கூட்டம் உண்டாக்கி அதற்கு வீடு என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் பெயர். டெல்வின், வீடு. டெல்வின், வீடு. மேலிருந்து கீழ் வரைக்கும். தேதியைப் பார்த்தால் எல்லாமே தோணி போன பிறகு. நேற்று ராத்திரி. முந்தாநாள் ராத்திரி.

ஒவ்வொரு படத்தையும் ஓட்டிப் பார்த்தேன். படத்தில் ஒன்றும் கிடையாது. படி இருக்கிறது, குண்டு பல்பு இருக்கிறது, பல்பைச் சுற்றி ஒரு விட்டில் பூச்சி. சிலதில் பூனை. சிலதில் அதுகூட இல்லை, சும்மா படிதான், யாரோ இப்போதுதான் எழுந்து போன மாதிரி. ஆனால் பெயர் மட்டும் அவருடையது.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை அக்கா. கான்வென்டில் படித்தவள். ஹாஸ்டலில் கக்கூஸ் பக்கம் வெள்ளையாக ஏதோ நின்றது என்று ஒருத்தி அலறினதற்கு, எங்கள் சிஸ்டர் எல்லாரையும் எழுப்பி வரிசையாக நிற்க வைத்து, அது காயப்போட்ட போர்வை என்று கையால் தொட்டுப் பார்க்க வைத்தார். அப்படி வளர்ந்தவள். அதனால் நான் யோசித்துத்தான் பார்த்தேன். அந்தக் கேமரா பெட்டி, கடையில் வாங்கினது. கடைக்காரருக்கு இவர் பெயர் தெரியாது. ஆல்ட்ரினுக்கு அந்தப் பெட்டியில் பெயர் எழுதத் தெரியாது. நான் எழுதவில்லை. அப்படியென்றால் யார் எழுதினது?

அந்தப் படியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவில்லை. ரெனி பிறந்த புதிதில், ஒரு தோணி வேலை முடிந்து நடுச்சாமத்தில் வந்தவர், நான் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்து, பெல் அடித்தால் பிள்ளை முழிக்கும் என்று, விடியும் வரைக்கும் படியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மேலேயிருந்து இரண்டாவது படி. காலையில் பால் எடுக்கத் திறந்தால் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார், கொசு கடித்து முகமெல்லாம் தடிப்பு. "ஏன் தட்டல?" என்றால், "நீ அப்பத்தான் தூங்கிருப்பன்னு தோணுச்சு" என்று சிரிக்கிறார். கேமரா பார்ப்பது அந்தப் படியைத்தான்.

தாழ்ப்பாள் துருப்பிடிக்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

சரி, இதையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியாதா? ஆனால் ஒன்று செய்தேன். எங்கள் கோயிலில் பூசைக்குப் பெயர் கொடுப்போம். இன்னாருடைய ஆன்மா இளைப்பாற என்று இறந்தவர்களுக்குக் கொடுக்கலாம், இன்னார் நலமாக இருக்க என்று உயிரோடு இருக்கிறவர்களுக்கும் கொடுக்கலாம். பூசைக்கு முன்னால் எல்லாவற்றையும் வாசிப்பார்கள். நான் அவர் நலமாகத் திரும்பி வர என்று கொடுத்தேன். நானாகக் கற்பனை பண்ணிக் கொடுக்கவில்லை, கையில் அத்தாட்சி இருக்கிறது என்று கொடுத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை என்ன ஆனது தெரியுமா? மாமியும் கொடுத்திருந்தார்கள். உபதேசியார் மைக்கில் வாசிக்கிறார்: "டெல்வின் கொரேரா நலமுடன் வீடு திரும்ப, மனைவி அன்சிலா." மூச்சு விட்டுவிட்டு அடுத்த வரி: "டெல்வின் கொரேராவின் ஆன்மா இளைப்பாற, தாய் எபிபானி அம்மாள்." வாசித்தவருக்கே நாக்குப் புரளவில்லை. கோயிலே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு கிழவர், "எலே, இருக்கானா போயிட்டானா, ஒண்ணைச் சொல்லுங்கலே" என்றார். சில பேர் சிரித்தார்கள். மாமி சிரிக்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. முக்காட்டை இழுத்து வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு பீடத்தையே பார்த்தார்கள். அவ்வளவு வைராக்கியம்.

அதற்கப்புறம்தான் ஆல்ட்ரின், செண்பகராஜை அனுப்பினான். டெல்வினோடு வேலை பார்த்த கோவில்பட்டிப் பையன், வயதில் இளையவன், அண்ணி முறை வைத்து என்னை மைனி என்பான். தோணிக்காரர்களுக்கு வேண்டிய ஏதோ ஃபைல் லேப்டாப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன் என்று வந்தான். இன்றைக்கு மத்தியானம்தான். எடுத்துக்கொண்டு போயிருப்பான். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "செண்பகராஜ், இதைக் கொஞ்சம் பாரு" என்று டிஸ்க்கைச் சொருகிக் காட்டினேன்.

பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். "மைனி, இத எத்தனை நாளா இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கிய?" என்றான்.

"ஏன், என்னவாம்?"

"இந்த டிஸ்க்ல பேரே கிடையாது மைனி. வெறும் நம்பர்தான் இருக்கும். கேமரா பெட்டிக்குள்ள வேலை செய்ய ஒரு ஆள் மாதிரி ஒண்ணு வச்சிருப்பான், அதுக்கு ஆயிரம்னு நம்பர். அண்ணன் லேப்டாப்ல முதல்ல உண்டாக்குன ஆளு அண்ணன்தானே, அவருக்கும் ஆயிரம். எல்லா மெஷின்லயும் முதல் ஆளுக்கு அதே நம்பர்தான். குரூப்பும் அதே கதைதான். வேற வீட்டு டிஸ்க்கை இங்க கொண்டாந்து மாட்டுனா, இந்த லேப்டாப் நம்பரைப் பாத்துட்டு, அது நம்ம ஆளுன்னு நினைச்சு நம்ம ஆள் பேரைப் போட்டுரும். அவ்வளவுதான்."

அவன் சொன்னது எனக்கு உடனே புரிந்துவிட்டது அக்கா. அதுதான் கஷ்டம். புரியாமல் இருந்திருக்கலாம். கான்வென்டில் அகர வரிசைப்படி என் பெயர்தான் முதலில் வரும், எல்லா வருஷமும் எனக்கு ரோல் நம்பர் ஒன்று. பக்கத்து செக்‌ஷனில் ஆக்னஸ் என்று ஒருத்தி, அவளுக்கும் ஒன்று. ஒரு தடவை அவளுடைய கணக்குப் பேப்பர் எங்கள் கட்டில் கலந்து வந்துவிட்டது. பெயர் எழுதவில்லை, ரோல் நம்பர் மட்டும். சிஸ்டர் அதை என் கையில் கொடுத்து, "வெரி குட் அன்சிலா" என்றார். நல்ல மார்க். நான் வீட்டில் கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். அப்பா எனக்கு கேக் வாங்கித் தந்தார். மறுநாள் ஆக்னஸ் அழுதுகொண்டு வந்து நிற்கிறாள். தின்ற கேக்கை என்ன செய்வது?

"அப்போ இது அவர் இல்லையா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டிருக்கக்கூடாது. அவனும் சின்னப் பையன்தானே. லேப்டாப்பில் கையை வைத்துக்கொண்டு குனிந்தபடியே, "இத மாத்தி மாட்டலாம் மைனி. அந்தப் பெட்டிக்காரன் நம்பர் இங்க யாருக்குன்னு நாமதான் சொல்லிக் கொடுக்கணும். சொல்லிட்டா அண்ணன் பேரு வராது" என்றான்.

மாற்று என்றேன்.

என்னமோ தட்டினான். முதலில் ஏதோ தப்பாகிவிட்டது. பெட்டிக்காரனை இங்கே யாரோடும் சேர்க்காமல் மாட்டிவிட்டான் போல. மறுபடி அந்தப் பட்டியல் வந்தபோது டெல்வின் இருந்த இடத்தில் எல்லாம் நோபடி என்று இருந்தது. ஆமாம் அக்கா, நோபடி. யாரும் இல்லை. வீடு இருந்த இடத்திலும் அதே. யாரோடும் சேராதவனுக்கு அந்த மெஷின் அப்படித்தான் போடுமாம். வரிக்கு வரி, யாரும் இல்லை, யாரும் இல்லை, யாரும் இல்லை. அன்றைக்குத் துறைமுகத்தில் மீட்டவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்களே, கூப்பிட்டு முடித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்களே, அப்போதுகூட நான் இப்படி உட்காரவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். ரெனி என்னைப் பார்த்து அழ ஆரம்பித்தாள்.

செண்பகராஜ் பதறிவிட்டான். "மன்னிச்சிருங்க மைனி, மன்னிச்சிருங்க, இந்தா சரி பண்ணிடுதேன்" என்று பட்டு பட்டென்று தட்டினான். அப்புறம் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"யார் பேருக்குப் போடட்டும்?"

பாருங்கள் அக்கா, அவன் கேட்டது டிஸ்க்கைப் பற்றித்தான். இந்தப் படியில் இனிமேல் நடக்கிறதெல்லாம் யார் கணக்கில் என்று கேட்ட மாதிரி எனக்கு இருந்தது. "ஒரே ஒரு தடவை பழையபடி காட்டு" என்றேன். டிஸ்க்கைப் பிடுங்கி, சும்மா சொருகி, அந்த வரியைத் தட்டிவிட்டு, எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். டெல்வின், வீடு. டெல்வின், வீடு. நான் மேலேயிருந்து கீழே வரைக்கும் ஒவ்வொன்றாக வாசித்தேன். ரெனியின் விரலைப் பிடித்துத் திரையில் வைத்து வாசித்தேன்.

வாசித்து முடித்துவிட்டு, "என் பேருக்குப் போடு" என்றேன்.

அந்த லேப்டாப்பில் என் பெயரும் உண்டு, அவர் உண்டாக்கினது. இரண்டாவது ஆள். போட்டான். எல்லா வரியிலும் அன்சிலா.

"குரூப்பை என்ன செய்யட்டும் மைனி?"

"அது வீடுன்னே இருக்கட்டும்."

டிஸ்க்கை மறுபடி பெட்டியில் மாட்டிக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அவன் டீகூடக் குடிக்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, "மைனி, கதவைப் பூட்டிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினான். மேலேயிருந்து இரண்டாவது படியைத் தாண்டிக் காலை வைத்தான். எதற்கு அப்படித் தாண்டினான் என்று தெரியவில்லை. நான் அவனிடம் அந்தப் படியைப் பற்றி ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. டெல்வின் சொல்லியிருப்பார்.

நான் பூட்டவில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்திருக்கிறது என்று சொன்னேனே.

உங்கள் டார்ச் மங்குகிறது பாருங்கள், அணைத்து வையுங்கள், இறங்கும்போது வேண்டும். நாளைக்கு எங்கள் மாமி வீடு வரைக்கும் என்னோடு வருகிறீர்களா? ரெனியைத் தூக்கிக்கொண்டால் போதும், நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். சாமியாரிடம் நான் கொடுத்த பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டும். ஒரே ஆளுக்கு இரண்டு விதமாக வாசித்தால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். மாமி எப்படிக் கொடுத்திருக்கிறார்களோ அப்படியே இருக்கட்டும், கீழே என் பெயரையும் சேர்த்துவிடச் சொல்கிறேன். மாமி அழ மாட்டார்கள், நீங்கள் பயப்பட வேண்டாம். அவர்கள் அழுது நான் பார்த்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குழம்பில் அந்த நடுத்துண்டு இரண்டும் வேண்டாம் என்று மட்டும்… இல்லை. அதைச் சொல்லவில்லை. அது வரட்டும்.

புறப்பட்டுவிட்டீர்களா? கதவை நான் பிடிக்கிறேன். பார்த்து, படி வழுக்கும்.

டொக்கு… டொக்கு… கேட்கிறதா? அது நீங்கள்தான் அக்கா. உங்களைப் பார்த்துத்தான் முழிக்கிறது. நாளைக்குத் திறந்து பார்த்தால் நீங்கள் நிற்பீர்கள், பக்கத்தில் என் பெயர் இருக்கும்.

அக்கா, இறங்கிவிடாதீர்கள். ஒரே ஒரு உதவி. அந்த வளையத்தைப் பிடித்துக் கதவை உங்கள் பக்கமாக இழுங்கள். அவர் புறப்படும்போது அப்படித்தான் இழுத்துப் பிடிப்பார், நான் உள்ளே இருந்து தாழ்ப்பாளைத் தள்ளுவேன். இன்னும் கொஞ்சம். பலமாக இழுங்கள், ஒன்றும் ஆகாது. இன்னும். அந்த இரண்டாவது படியில் ஒரு தடவை டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

யாரும் இல்லைதானே?

சரி. இழுங்கள்.

விழுந்துவிட்டது அக்கா.